எங்க போற, எங்க மாறணும்

எங்கள் தெருவில் யாராவது வெளியூருக்குக் கிளம்பினால் முதலில் வீட்டிலிருந்து ஒரு தலை வெளியே எட்டிப் பார்க்கும். மழை வருகிறதா என்று பார்ப்பதற்கு இல்லை. தெருமுனையில் அத்தை நிற்கிறாளா என்று பார்ப்பதற்கு.

நின்றால் கிளம்ப மாட்டார்கள். செருப்பைத் தேடுவது போல, பூட்டைச் சரிபார்ப்பது போல ஏதாவது செய்துகொண்டு உள்ளேயே இருப்பார்கள். அத்தை உள்ளே போனதும் பையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று நடப்பார்கள். பாதித் தெரு தாண்டுவதற்குள் அவள் எங்கிருந்தோ வந்துவிடுவாள். பச்சை பெயிண்ட் அடித்த கம்பிக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முகம் கொள்ளாத சிரிப்போடு கேட்டுவிடுவாள்.

“எங்க போற?”

அவ்வளவுதான், போகிறவர் முகம் தொங்கிவிடும். படி இறங்கிவிட்ட ஆளை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் வடக்குப்பட்டில் நண்டு சிண்டுகளுக்குக்கூடத் தெரியும். கேட்டே ஆக வேண்டுமென்றால் ‘தூரமா?’ என்று முணுமுணுத்துவிட்டு வேறு பக்கம் பார்க்க வேண்டும். யாராவது நேராகவே கேட்டுத் தொலைத்துவிட்டால், திரும்பி வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாகக் கிளம்புவது போல மறுபடி படி இறங்க வேண்டும். அத்தை புண்ணியத்தில் எங்கள் தெரு குடித்த தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தால் ஏரி ரொம்பியிருக்கும் என்பார் அப்பா.

சொந்தம் என்று பார்த்தால் அவள் எங்களுக்கு ஒன்றும் இல்லை. அப்பா சின்ன வயதிலிருந்து அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை, கல்யாணமாகி வந்த அம்மாவுக்கு அண்ணி. ஆனால் அம்மாவுக்கும் அவளுக்கும் ஆகாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அம்மா சகுனம் பார்க்கிறவள். பல்லி சொன்னதற்கே பஸ்ஸை விட்டவள். அத்தையோ சகுனத்தின் கழுத்தைப் பிடித்துத் திருகுகிறவள்.

ஒரு கேள்வியோடும் அத்தை விடமாட்டாள். எந்த வண்டி, எங்கே மாற வேண்டும், எப்போது திரும்பி வருவாய் என்று வரிசையாக வரும். ‘எங்க மாறணும்’ என்பதில்தான் அவளுக்கு உயிர். நேரே போகிற வண்டி என்று சொன்னால் முகம் கொஞ்சம் வாடும். தாம்பரத்தில் மாறி, செங்கல்பட்டில் மாறி என்று சொன்னால் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியிலேயே வந்துவிடுவாள். மாறுகிற இடத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், அங்கே தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றெல்லாம் விசாரிப்பாள். சும்மா வாய்க்குக் கேட்கிற கேள்வி இல்லை. மறுநாள் அதே வீட்டு வாசலில் வந்து நின்று, ‘பையன் போய்ச் சேந்தானா?’ என்று கேட்பாள். சேர்ந்துவிட்டான் என்று சொல்லும் வரை நகர மாட்டாள்.

பொய் சொல்லியும் தப்பிக்க முடியாது. ஒருமுறை பக்கத்து வீட்டு அண்ணன் பெங்களூருக்கு இன்டர்வியூவுக்குக் கிளம்பினார். அத்தை கேட்டதும், சும்மா ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும், சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லிப் பார்த்தார். அத்தை அவர் பையைப் பார்த்தாள். சாயங்காலம் வருகிறவனுக்கு எதற்குப் போர்வை என்று கேட்டாள். அண்ணன் திரும்பி வந்து தண்ணீர் குடித்தார். அந்த வேலை கிடைத்ததா என்று கேட்டால், கிடைத்தது. அதற்காக யாரும் அத்தையைப் பாராட்டவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் லாரி டிரைவர். இதைவிட வேடிக்கை வேண்டுமா. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் சாவியைத் தொடாத மனிதர். வண்டியை ஒரகடம் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருப்பார். அத்தை குளிக்கப் போகிற நேரம் பார்த்து, சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நழுவுவார். களவாடிவிட்டுப் போகிறவர் மாதிரி மாமா வரப்பில் ஓடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். குளித்துவிட்டு வந்து பார்த்து அத்தை தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் மாமா நல்லவர். திரும்பி வந்ததும், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, போன வழி முழுக்கச் சொல்லுவார். கிருஷ்ணகிரி, ஓசூர், தும்கூர், ஹூப்ளி, கோலாப்பூர் என்று அவர் சொல்லச் சொல்ல அத்தை குழம்பு ஊற்ற மறந்துவிடுவாள். இப்படிச் சேர்ந்ததுதான் அவள் உலகம். அது கொஞ்சம் கோணலான உலகம். டெல்லியைத் தாண்டித்தான் நாக்பூர் வரும் என்று கடைசி வரை அடித்துச் சொன்னாள்.

நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் அவள் கேள்விக்குக் கிடைத்த பதில்கள் கை விரலுக்குள் அடங்கிவிடும். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி, வாலாஜாபாத்தில் கல்யாணம், சேரப்பணஞ்சேரியில் பெண் கொடுத்த வீடு, தாம்பரத்தில் துணி எடுக்க. அதற்கு மேல் போனவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். எங்கள் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ரயிலில் ஏறியதில்லை. பஸ்ஸுக்கு ஏரிக்கரை வழியாக நாலு ரோட்டுக்கு நடந்து போய், புளிய மரத்தடியில் நிற்க வேண்டும். கண்டக்டருக்கு மனசு இருந்தால் வண்டி நிற்கும்.

பிறகு கம்பெனிகள் வந்தன. நாலு ரோட்டின் மேல் பாலம் வந்தது. விடிவதற்குள் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் பூனா, குஜராத் என்று டிரெய்னிங் போனார்கள். அத்தைக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. ஷிப்டுக்கு ஓடுகிற பிள்ளைகளைக்கூட அவள் விடவில்லை. தினமும் போகிற இடம்தானே அத்தை என்று சலித்துக்கொண்டால், தினமும் போகிற இடத்துக்குத்தான் தினமும் கேட்க வேண்டும் என்பாள். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் தலைக்கு மேல் போனால் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்ப்பாள். அதையும் கேட்டிருப்பாள், எட்டவில்லை.

அவளுக்குக் கிடைத்த பெரிய வரம் தென்காசிப் பெண்கள்தான். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி, செல்போன் கம்பெனியில் வேலை செய்கிற தெற்கத்திப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் பைகளோடு கிளம்பும்போது அத்தை வழியை மறித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பெண்கள் கூசவில்லை, திரும்பிப் போய்த் தண்ணீர் குடிக்கவும் இல்லை. தாம்பரத்தில் ரயிலேறி, தென்காசியில் இறங்கி, மினி பஸ் பிடித்து, அப்புறம் வாய்க்கால் ஓரமாக நடப்பது வரை சொல்லுவார்கள். எங்கள் அம்மா ஒருநாள் அவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு, உங்கள் ஊரில் இதெல்லாம் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டாள்.

“பாப்போம்க்கா. ஆனா இங்கன வந்த பொறவு எங்கள எங்க போறியன்னு கேக்க ஒரு நாதி கெடையாது. இவியதான் கேக்காவ. கேட்டா நல்லாத்தான் இருக்கு” என்றாள் அந்தப் பெண். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

இத்தனை பேர் வழியைக் கேட்டு வைத்திருந்தவள் தானாக எங்கும் போனதில்லை. இதுதான் எங்களுக்குப் புரியாத சங்கதி. கல்யாணம்கூட இதே ஊரில், அதுவும் மாப்பிள்ளை வீட்டோடு வருவதாக இருந்தால்தான் என்று சாதித்தவள் என்பார்கள். வெளியூர்க் கல்யாணங்களுக்குக் காலையில் போனால் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவாள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு, சும்மாவேனும் ஏறி தாம்பரம் வரை போய், அங்கே இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வந்திருக்கிறாள். தெருவே வேன் வைத்துத் திருப்பதி போனபோது எல்லாருக்கும் புளிசோறு கட்டிக் கொடுத்தாள், அவள் ஏறவில்லை. வேன் ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும் என்றாள். அதை நாங்களும் நம்பினோம். அவள் மகன் அந்த வீட்டை இடித்துக் கட்டும்போது மட்டும் ஒரு சண்டை போட்டாள். வாசல் அதே இடத்தில் இருக்க வேண்டும், கதவு பழைய மரக்கதவைப் போலப் பச்சையாகவே இருக்க வேண்டும் என்று. வயசானவர்களுக்கு ஒரு பிடிவாதம் என்று மகன் விட்டுக்கொடுத்தான்.

இந்த நிலையில்தான் எனக்குக் கொரியா வந்தது.

நான் டிப்ளமோ முடித்து, கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் லைன் லீடராக இருந்தேன். புது மெஷின் வரப்போகிறது, அதைப் பழகிக்கொண்டு வர மூன்று பேரை அனுப்புகிறோம் என்றார்கள். மூன்று பேரில் நான் ஒருத்தி. அப்பா ஊர் முழுக்கச் சொன்னார். அம்மா ஊருக்கெல்லாம் சொல்லி அத்தைக்கு மட்டும் மறைக்கப் பார்த்தாள். எங்கள் தெருவில் அது நடக்கிற காரியமா. அத்தைக்குப் போவது தெரியும். என்றைக்குப் போகிறேன் என்பதுதான் தெரியாது. அதை அம்மா ராணுவ ரகசியம் போலக் காத்தாள்.

என் பாஸ்போர்ட்டை அம்மா ஒரு வாரம் முன்னாலேயே என்னிடமிருந்து வாங்கி, சாமி படங்களுக்கு நடுவில் நிற்க வைத்து, தினமும் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள். அட்டையில் ஒரு குங்குமப் பொட்டு. உள்ளே ஒன்றும் வைத்துவிடாதே அம்மா, விசா கெட்டுவிடும் என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது. கிளம்புகிற நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பேன், அதுவரை அம்மன் கையில் இருக்கட்டும் என்றாள்.

கிளம்புகிற நாளில் ராகு காலத்துக்கு முன்னால் படி இறங்கியாக வேண்டும் என்று முடிவானது. ராத்திரி விமானத்துக்குச் சாப்பாட்டு வேளையிலேயே கிளம்பினோம். காரைத் தெருவுக்குள் கொண்டுவந்தால் அத்தைக்குத் தெரிந்துவிடும் என்று ஏரிக்கரையின் அந்தக் கோடியில் நிறுத்தியிருந்தார்கள். பெட்டியை அப்பா தோளில் வைத்துக்கொண்டார். அம்மா, அப்பா, நான் மூவரும் கொல்லைப்புற வழியாக, கருவேலமுள் கிழிக்க, கொரியாவுக்குப் புறப்பட்டோம். மாமா எப்போதும் ஓடுகிற அதே வரப்பு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் அம்மா அடிப்பாள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

கரை ஏறினோம். அங்கே, ஆட்டுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, அத்தை நின்றிருந்தாள்.

எங்களைப் பார்க்க அவள் அங்கே வரவில்லை, நிஜமாகவே ஆடு மேய்க்கத்தான் வந்திருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என் புது ஷூவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். அத்தையின் முகத்தில் ஒரு தயக்கம் வந்ததை நான் பார்த்தேன். கேட்காமல் விட்டுவிடப் பார்க்கிறாள் என்று தோன்றியது. வாய்வரை வந்ததை விழுங்கினாள். ஆனால் விழுங்க முடியவில்லை.

“எங்க போற, கண்ணு?” என்றாள். குரல் கெஞ்சுவது போல இருந்தது.

அம்மா கரையிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள். நானும் அப்பாவும் பின்னாலேயே போனோம். கொரியா போகிறவளாக இருந்தாலும் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். அம்மா பூட்டைத் திறந்தாள், என்னைக் கூடத்தில் உட்காரச் சொன்னாள், பானையில் மொண்டு வந்து கொடுத்தாள். குடிக்கும்போது அண்ணாந்தேன். நேர் எதிரே சாமி மாடம். இரண்டு அம்மன்களுக்கும் ஒரு முருகனுக்கும் நடுவில், பொட்டு வைத்துக்கொண்டு, என் பாஸ்போர்ட் நின்றிருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். கொல்லை வழியாகப் போகிற அவசரத்தில் அம்மா எடுக்க மறந்திருந்தாள். அவள் கையில் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். மீனம்பாக்கம் வாசலில் கேட்டிருந்தால்தான் தெரிந்திருக்கும். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா சிரிக்க ஆரம்பித்து, அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் முறை நாங்கள் முன்வாசல் வழியாகத்தான் கிளம்பினோம். கார் தெருவுக்குள் வந்தது. அத்தை ஆட்டோடு ஓடி வந்து கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா காரை நிறுத்தச் சொன்னாள். என்னை இறங்கச் சொல்லி, அண்ணி கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு வா என்றாள். அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை.

“எங்க மாறணும்?” என்றாள் அத்தை.

“சிங்கப்பூர்ல, அத்த.”

அவளுக்கு வாயெல்லாம் பல். சிங்கப்பூரில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், அடுத்த வண்டி அதே இடத்துக்கு வருமா, அங்கே தெரிந்தவர்கள் உண்டா என்று எல்லாம் கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு முன்னால் அவளுக்குத்தான் போன் செய்தேன். சொல்லி வைத்திருந்தாள், அதனால்.

திரும்பி வந்த மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். விமானத்தில் சாப்பாடு கொடுத்தது முதல், அங்கே குளிரில் மூக்கு விறைத்தது வரை எல்லாம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நடுவில் கையை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். அவ்வளவு தூரத்தில் ஒருத்தர் தொலைந்துபோனால் கண்டுபிடித்துவிடுவார்களா என்று. கண்டுபிடித்துவிடலாம் அத்தை, எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம் எல்லாம் பதிவாகும், போன் இருக்கிற இடம்கூட மேப்பில் தெரியும் என்று சொன்னேன். நான் இருந்த இடத்தை அம்மா தினமும் போனில் புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அத்தை கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்.”

அது எனக்குத் தெரியாது. தெருவில் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம், யாரும் பேசியதில்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது நடந்தது. மழை பெய்து விட்டிருந்த ஒரு காலை. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வரப்பெல்லாம் சேறாக இருந்ததால் புதுச்செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பச்சைக் கதவைத் தாண்டி இறங்கியிருக்கிறான். பக்கத்தில் எங்காவதுதான் போகிறான் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். இவள் பின்னாலேயே ஓடி, கேட்பதற்கு வாயைத் திறந்திருக்கிறாள்.

“எங்கம்மா வந்து வாய பொத்திட்டா. போறவன கேக்காதடின்னா. அவன் திரும்பிப் பாத்து சிரிச்சான். நான் கேப்பேன்னு நின்னான் கண்ணு, கொஞ்ச நேரம் நின்னுட்டுதான் போனான். அந்தக் கை இன்னும் என் வாய் மேலயே கீது.”

அவன் திரும்பி வரவில்லை. அவள் அப்பா நாலு ரோட்டில் போய் நின்று பார்த்திருக்கிறார். கிழக்கே தாம்பரம் போகிற வண்டி, மேற்கே வாலாஜாபாத் போகிற வண்டி. எந்தப் பக்கத்து வண்டியில் ஏறினான் என்று தெரிந்தால்தானே தேட முடியும். அவர் ஒரு நாள் கிழக்கே போவார், ஒரு நாள் மேற்கே போவார். பிறகு அதுவும் நின்றுபோனது. அந்தக் காலத்தில் ஊரை விட்டுப் போகிறவன் கடிதாசி போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் வழி.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பான்” என்றாள் அத்தை. “வந்தான்னா இந்த வூட்டுக்குத்தான வரணும்? வேற எந்த வூடு தெரியும் அவனுக்கு? நாலு ரோடே இப்ப அடையாளம் தெரியல. வந்து நிக்கிறப்போ கதவு பூட்டியிருந்தா இன்னா நெனப்பான்?”

தண்ணீர் குடித்துக் குடித்து அவளைத் திட்டிய தெரு முழுவதும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. திருப்பதி வேனும், பச்சைக் கதவும், தாம்பரத்தில் இறங்காமல் திரும்பிய பஸ்ஸும் எல்லாம் புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் கீரை மண். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை.

அதற்கடுத்த வருஷம் அத்தை மகனுக்குப் பூனாவுக்கு மாற்றல் வந்தது. அங்கே அவன் வீடு பிடித்துக் குடும்பத்தோடு போனான். மாமாவுக்கு அதற்குள் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அப்பாவை நான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று மகன் வாராவாரம் போனில் அழைத்தான். அத்தை முடியாது என்றாள். தெருவில் எல்லாரும் அவளுக்குப் புத்தி சொன்னார்கள், பிடிவாதக்காரி என்றார்கள். மாமாவுக்கு மறுபடி ஒருமுறை வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் சம்மதித்தாள். சம்மதித்த பிறகு யாரோடும் பேசாமல் இருந்தாள். தெருவில் போகிறவர்களைக்கூடக் கேட்கவில்லை. கேட்காமல் போக விட்டது எங்களுக்கு என்னவோ போலிருந்தது.

அவர்கள் கிளம்பிய காலை லீவு போட்டுவிட்டு நான் வீட்டில் இருந்தேன். மகன் வந்திருந்தான். கார் நின்றது, பெட்டிகள் ஏறின. மாமா பழக்கதோஷத்தில் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வீட்டைப் பூட்டி, சாவியைத் தென்காசிப் பெண்களிடம் கொடுத்தாகிவிட்டது. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. யாரும் வாயைத் திறக்கவில்லை. முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறவளுக்குத் தங்கள் வாயால் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று எல்லாருக்கும் அக்கறை. தூரமா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. கண்ணால் மட்டும் விடை கொடுத்தார்கள்.

அத்தை காரில் ஏறவில்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வாசலாகப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மகன் நேரமாகிறது என்றான். அவள் இன்னும் நின்றாள். கேட்கட்டும் என்று நிற்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். இருமினால் அபசகுனம் என்று பயந்து விசேஷ வீடுகளில் பேசாமல் இருக்கிறவள், தும்மினால் தாலியைத் தொட்டுக் கும்பிடுகிறவள், தெரு பார்க்க அத்தைக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

“எங்க போற, அண்ணி?”

தெருவில் யாரோ அய்யோ என்றார்கள். அத்தையின் முகம் அப்படியே மலர்ந்தது.

“பூனா போறேன்” என்றாள். “இங்கேர்ந்து காரு. படப்ப, தாம்பரம், மீனம்பாக்கம். அங்கேர்ந்து ஏரோபிளேன். நடுவுல எங்கயும் மாற வேணாமாம். எறங்குனா மறுபடியும் காரு.”

அது ஒரு குறையாகத்தான் இருந்தது அவளுக்கு, மாறாமல் போவது. மகன் இருக்கிற பேட்டை பேர், அதற்குப் பக்கத்தில் இருக்கிற கோயில், கட்டடத்தின் நிறம் எல்லாவற்றையும் சொன்னாள். காருக்குள்ளிருந்து மாமா தலையை நீட்டி, கேட்டுட்டாங்க, உள்ள போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வா என்றார். அவர்கள் வீடு பூட்டியிருந்தது. அம்மா அவள் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குள் அழைத்துப்போய், என்னை உட்கார வைத்த அதே இடத்தில் உட்கார வைத்தாள். பானையில் மொண்டு கொடுத்தாள்.

அத்தை குடித்து முடிக்கும் வரை அம்மா முன்னால் நின்று, பாடம் ஒப்பிப்பது போல மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். காரில் மீனம்பாக்கம், ஏரோபிளேனில் பூனா, இறங்கினால் கார், கோயிலுக்குப் பக்கத்துக் கட்டடம். கட்டடம் என்ன நிறம் என்பதில் தடுமாறினாள். மஞ்சள் என்று அத்தை எடுத்துக்கொடுத்தாள். அம்மா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை தப்பில்லாமல் வந்தது. பிறகு சொம்பை வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“வந்தாருன்னா நான் சொல்றேன், அண்ணி. நீ போயிட்டு வா.”